இடப்பக்க எண்

காக்கி புக்கிட்டில் மூடிப்போன ரொட்டிக்கடையின் ஏலத்தில்
மாவு பிசையும் இயந்திரம் ஒன்றைத்
தொண்ணூறு வெள்ளிக்கு எடுத்து வந்துவிட்டார்
பக்கத்து வீட்டு ஹஸ்னா.
லிஃப்டில் பதினோராம் மாடி வரை
அதுவும் எங்களோடு நின்றே வந்தது,
யார் முகத்தையும் பார்க்காமல்.

"எலில், ப்ளக் மட்டும் மாட்டிக் கொடு."
ழகரம் அவருக்கு வராது.
அவசரத்தில் எனக்கும் வருவதில்லை.

ப்ளக் மட்டும்.
வயரின் நுனியைப் பிரித்தேன். நான்கு கம்பிகள்:
பழுப்பு, கறுப்பு, சாம்பல்,
பச்சையும் மஞ்சளுமாய் மண்கம்பி.
சுவரிலோ மூன்றே ஓட்டை.
வர ஒன்று, திரும்ப ஒன்று,
விபத்துக்காகக் காத்திருக்க ஒன்று.

எப்படிச் சொல்வது?
துவாஸில் என் பம்புகளைச் சுற்றுவது
வீட்டு மின்சாரத்தின் முரட்டு அண்ணன் இல்லை.
அதே ஆள்தான், மூவராக வருகிறார்.
ஒருவர் இறங்கும்போது ஒருவர் ஏறுகிறார்,
இன்னொருவர் பாதிப் படியில்.
எந்த நொடியிலும் சக்கரம் தனியாக விடப்படுவதில்லை.
ஒருவருக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இருநூற்று முப்பது,
அவர்களுக்குள் நானூறு.
அந்த மூவரில் ஒருவரைத்தான்
நம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.
அவர் நொடிக்கு நூறு முறை
பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வருகிறார்.
கெட்டிலுக்கு அது தெரியாது.
மின்விசிறிக்குத் தெரியும்.
கெபாசிட்டர் செத்த அன்று
எந்தப் பக்கம் சுற்றுவதென்று விளங்காமல்
முனகிக்கொண்டே நிற்கும்,
யாராவது விரலால் தள்ளிவிடும் வரை.

இதில் எதையும் சொல்லவில்லை.
"முடியாது மாக்சிக். இது நானூறு வோல்ட்."
"இங்கே பாதிக்கு மேல் இருக்கிறதே.
மெதுவாகச் சுற்றட்டும்,
எப்போக் எப்போக்குக்கு என்ன அவசரம்?"

டார்ச்சைப் பிடித்து
மோட்டாரின் தகட்டைக் கட்டைவிரலால் தேய்த்தேன்.
எழுத்துக்குழிகளில் யாரோ பிசைந்த பழைய மாவு.
முக்கால் கிலோவாட். ஐம்பது ஹெர்ட்ஸ்.
ஒரு முக்கோணம், சாய்கோடு, ஒரு நட்சத்திரக் குறி.
230/400.

பன்னிரண்டு ஆண்டாக
வலப்பக்க எண்ணை மட்டும் படித்து
மூடியைத் திருகிவிட்டுப் போனவள் நான்.

சிம் லிம் டவரில் ஒரு இன்வெர்ட்டர்,
இயந்திரத்தைவிட விலை.
ஒருவரை உள்ளே வாங்கி, நேராக்கி, நறுக்கி,
மறுபக்கம் மூவராக அனுப்பும் டப்பா.
குறுக்கே கிடந்த பித்தளைப் பட்டைகளைக் கழற்றி
நெடுக்கே மாட்டினேன்.
நட்சத்திரம் முக்கோணமாயிற்று.

சுவிட்சைப் போட்டதும் வீடே இருண்டது.
உள்ளறையில் கேம் விளையாடிக்கொண்டிருந்த ஃபிர்தவுஸ்
செத்துப்போனதாகக் கத்தினான்.
டப்பா கொஞ்சம் மண்ணுக்குக் கசியும்.
முப்பது மில்லி ஆம்பியருக்கே வீட்டுக் காவல் பதறும்.
பதறத்தான் வேண்டும்.
துவாஸில் கையுறைகள் தொடுகின்றன,
இங்கே ஈரக் கைகள்.

அடுத்த வாரம் கசிவு குறைந்த வேறொன்று.
அது சுற்றியது, தலைகீழாக.
மாவு கொக்கியின் மேலேறி
வெளியே எட்டிப் பார்த்தது.
ஹஸ்னா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.
நிறுத்தினேன், சற்றுப் பொறுத்து
இரண்டு கம்பிகளை இடம் மாற்றினேன்.
எந்த இரண்டானாலும் சரி.

திங்கட்கிழமை, ஏழாம் எண் பம்ப்.
முப்பத்தேழு கிலோவாட், சூடான இரும்பு,
பக்கத்தில் நின்றால் பல் அதிரும்.
பைக்குள் எண்ணெய்க் காகிதத்தில் நான்கு எப்போக் எப்போக்.
எதற்கென்று தெரியாமல்
தகட்டைத் துணியால் துடைத்தேன்.
400/690.

இத்தனை நாளும்
நானூறு இடப்பக்கம் இருந்திருக்கிறது,
சின்ன எண்ணாக.